நூறு சொற்களுக்குள்

உதவித்தொகை அலுவலகம் கேட்கிறது:
வெளிநாட்டில் படித்ததால் நீ அடைந்த பயன்கள்,
நூறு சொற்களுக்கு மிகாமல்.
கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம்.

என் ஊர் கலாமா.
சிலியின் வடக்கே, செப்புச் சுரங்கத்தின் ஓரம்.
அத்திபூத்தாற்போல் ஒருநாள் தூறிவிட்டால்
பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள்.
எங்கள் கூரைகள் வெயிலை மட்டும் நினைத்துக் கட்டியவை.
பத்தொன்பது வயதுவரை
குடை என்பது எனக்குப் படப்புத்தகத்துப் பொருள்.

நீரியல் படிக்கப் போகிறேன் என்றதும்
சுரங்கத்தில் லாரி ஓட்டும் அண்ணன் ஹெர்னான்
சாப்பிட்ட தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தான்.
சிரித்து முடித்து
விமான டிக்கெட்டுக்குக் கடன் வாங்கித் தந்தான்.

பெர்கன்.
இறங்கியபோது பெய்துகொண்டிருந்தது.
நின்றதும் கடைக்குப் போகலாமென்று
அறையிலேயே இருந்தேன்,
பையில் மிச்சமிருந்த பிஸ்கட்டுடன்.
மூன்றாம் நாள் பக்கத்து அறை இங்வில் கதவைத் தட்டினாள்.
"யஸ்னா, காய்ச்சலா?"
"இல்லை. மழை விடட்டும் என்று..."
அவள் சிரிக்கவில்லை.
கதவில் தொங்கிய தன் பழைய மழைக்கோட்டைக் கொண்டுவந்து
என் கையில் திணித்து,
"விடாது" என்றாள்.
நார்வே மொழியில்
எனக்கு முழுசாகப் புரிந்த முதல் வாக்கியம் அது.

ஆனாலும் பிடிவாதம். நாலு குடை வாங்கினேன்.
நாலையும் துறைமுகக் காற்று முறித்துப் போட்டது.
அந்த ஊர்க் குப்பைத்தொட்டிகளில்
செத்த வௌவால்கள்போல் கிடப்பதெல்லாம்
எங்களைப் போன்றவர்களின் குடைகள்.

மழைக்கும் பில்லுக்கும் அவர்கள் மொழியில்
ஒரு சின்ன வால்தான் வித்தியாசம்.
காபிக்கடையில் வாலை விழுங்கிவிட்டு
"மழையைக் கொண்டு வாருங்கள்" என்று கேட்டேன்.
பரிமாறும் பையன் ஜன்னலைக் காட்டினான்:
"வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், காசில்லை."
காது சிவந்தது.
மறுநாளும் அதே கடைக்குப் போனேன்.
இதைப் பயன் என்று எழுதலாமா?

டிசம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்.
துணி துவைக்கும் அறையில்,
இயந்திரம் சுற்றும் சத்தத்தின் மறைவில் அழுததுண்டு.
இதற்கும் கட்டத்தில் இடமில்லை.

பிப்ரவரியில் ஒரு வகுப்பு.
"உங்கள் ஊர்ப்பக்கம் மூடுபனியை வலைகட்டிப் பிடிக்கிறார்களாமே,
ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை லிட்டர் சொட்டும்?"
இருபது முகங்கள் என் பக்கம் திரும்பின.
கடலோர மலைமேல் அந்த வலைகளை
பேருந்திலிருந்து நூறு தடவை பார்த்திருக்கிறேன்.
பறவைக்கோ பந்துக்கோ என்று நினைத்திருந்தேன்.
"தெரியாது" என்றேன், சரியான இலக்கணத்தில்.

அன்றிரவு ஹெர்னானை அழைத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை மலையேறிப் போனான்.
மூச்சிரைக்க வீடியோ அனுப்பினான்:
கறுப்பு நைலான் கண்களில் முத்துமுத்தாக நீர்,
ஒரு குழாய், ஒரு பீப்பாய்,
பீப்பாயில் தெரிந்த அவன் முகம்.
"இத்தனை வருஷம் யாரும் கேட்கவே இல்லையே" என்றான்.
எனக்கும்தான்.
சொந்த மலையைப் பற்றிக் கேட்க
பெருங்கடல் தாண்டி ஒருத்தன் வேண்டியிருந்தது.

இப்போது வலைகளை ஆராய
இங்வில் அங்கே போயிருக்கிறாள்.
எங்கள் வீட்டில், என் கட்டிலில் தூங்குகிறாள்.
நேற்றுச் செய்தி அனுப்பினாள்:
"இருபத்தாறாம் நாள். ஒரு சொட்டு இல்லை.
இன்னும் மழைக்கோட்டைக் கதவருகே மாட்டியே வைத்திருக்கிறேன்.
காலையில் எழுந்து ஜன்னலைப் பார்த்தபடியே நிற்கிறேன்.
உன் அண்ணன் கேட்கிறார்,
காய்ச்சலா என்று."

கட்டத்தில் இப்படி எழுதினேன்:
குடை வாங்கக் கூடாது என்று தெரிந்தது.
மீதித் தொண்ணூற்றைந்து சொற்களை
அலுவலகமே வைத்துக்கொள்ளட்டும்.
வெளியே சத்தம் கூடுகிறது.
கோட்டை மாட்டிக்கொண்டு
பால் வாங்கக் கிளம்புகிறேன்.